அருகிலுள்ள பாதிக்கப்படாத பகுதி

எங்கள் வன அலுவலகத்தில் யாரும் முதலில் கையெழுத்துப் போடமாட்டார்கள். நாளைக்கு ஏதாவது வில்லங்கம் வந்தால் முதல் கையெழுத்துக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும். இரண்டாவதாகப் போடுகிறவர் முதல் கையெழுத்தை நம்பிப் போட்டவர், பாவம், ஏமாந்தவர். இந்த உண்மையைக் கண்டுபிடித்தவர் எங்கள் அதிகாரி. இருபத்தாறு வருடப் பணியில் ஒரு காகிதத்தில்கூட அவருடைய கையெழுத்து மேலே இருந்ததில்லை. விடுப்பு விண்ணப்பத்தில்கூட முதலில் மருத்துவரின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு அதற்குக் கீழேதான் போடுவார். அலுவலகத்தில் அவருக்கு இரண்டாமவர் என்று பெயர். அது அவர் காதுக்கும் போயிருக்கிறது. ஏதோ பதவி உயர்வு கிடைத்த மாதிரி எடுத்துக்கொண்டார்.

அந்த முதல் கையெழுத்தைப் போடுகிற ஆள் நான். வனவுயிர் ஆய்வாளர் என்று பதவி. காட்டில் எதை வெட்டினாலும், எங்கே தோண்டினாலும், அதனால் மிருகங்களுக்கோ செடிகொடிகளுக்கோ ஒன்றும் ஆகாது என்று ஒருவர் எழுதித் தர வேண்டும் அல்லவா, அதுதான் என் வேலை. ஆகும் என்றும் எழுதலாம், விதியில் அதற்கும் இடம் இருக்கிறது. பதினொரு வருடத்தில் அப்படி ஒரே ஒரு அறிக்கை எழுதினேன். அது இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

காட்டுக்கு அடியில் நிலக்கரிச் சுரங்கம். சுரங்கம் ஒரு நிறுவனத்துடையது. காடு அரசாங்கத்துடையது, அதாவது எல்லோருடையது, அதாவது கேட்க நாதியில்லாதது. நிலக்கரியை வெட்ட வெட்ட அதற்குள் அடைந்து கிடக்கும் மீத்தேன் வாயு வெளியே வரும். அது உள்ளேயே சேர்ந்தால் ஒரு தீப்பொறி போதும், கீழே இருப்பவர்கள் யாரும் மேலே வரமாட்டார்கள். அதனால் மேலிருந்து துளை போட்டு, குழாய் இறக்கி, பம்பு வைத்து வாயுவை உறிஞ்சி வெளியேற்றுகிறார்கள். இதற்கு வாயுக் கிணறு என்று பெயர். இது நியாயமான வேலை என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. என் தங்கையின் கணவர் அந்தச் சுரங்கத்தில்தான் வெட்டும் இயந்திரம் ஓட்டுகிறார்.

நியாயமான வேலையை எப்படி அசிங்கமாகச் செய்யலாம் என்பதற்குத்தான் படித்தவர்கள் தேவைப்படுகிறார்கள். நிலக்கரியை எடுக்க நிறுவனத்துக்கு உரிமம் உண்டு, வாயுவை எடுக்க இல்லை. ஆகவே வெளியே வரும் வாயுவைப் பிடித்து ஓர் அடுப்பு எரித்தாலும் அரசாங்கச் சொத்தைத் திருடியதாகிவிடும். அப்படியே வானத்தில் விட்டுவிட்டால் அது பாதுகாப்பு நடவடிக்கை. கரியமில வாயுவைவிடப் பல மடங்கு பூமியைச் சூடாக்குகிற சரக்கு அது. குழாயின் வாயில் வைத்துக் கொளுத்தியாவது விடுங்கள், பாதிக் கெடுதல் குறையும் என்று நான் ஒருமுறை குறிப்பு எழுதினேன். காட்டில் நெருப்பு வைக்க வன அலுவலகமே சொல்லலாமா என்று பதில் வந்தது.

இரண்டாமவர் ஒருமுறை ஒன்பதாம் கிணற்றை நேரில் பார்வையிட வந்தார். வண்டியை விட்டு இறங்கினார், அதுவே பெரிய விஷயம். குழாயின் பக்கம் நின்று மூக்கை இரண்டு தடவை உறிஞ்சிப் பார்த்தார். மீத்தேனுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது என்பது பள்ளிக்கூடப் பாடம். அவர் திரும்பி என்னிடம், "ஒரு வாசனையும் இல்லையேம்மா, எல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்றார். அன்றைய ஆய்வுக் குறிப்பில் 'துர்நாற்றம் ஏதும் உணரப்படவில்லை' என்று ஒரு வரி இருக்கும். அதில் மேலே இருக்கும் கையெழுத்து என்னுடையது.

ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு தளம் வேண்டும். மரங்களை வெட்டி, புதரை வழித்து, மண்ணைச் சமப்படுத்தி, துளைபோடும்போது வெளியேறும் ரசாயனச் சேற்றுக்கு ஒரு குளம் தோண்டி, லாரி வர ஒரு பாதை போட வேண்டும். ஐந்து ஏக்கருக்கு மேல் போனால் பெரிய ஆய்வு, மக்கள் கருத்துக் கேட்பு, வெளியாட்கள் எல்லாம் உண்டு. குறைந்தால் ஆறு பக்க அறிக்கை போதும். ஆகவே ஒவ்வொரு தளமும் நாலே முக்கால் ஏக்கர். மூன்று வருடத்தில் பதினாறு தளம், பதினாறு விண்ணப்பம், பதினாறு ஆறு பக்கம். ஒன்றுக்கொன்று தெரியாத விருந்தாளிகள் மாதிரி தனித்தனி மாதங்களில் வந்தன.

வேலை முடிந்த தளங்களில் காட்டை மீண்டும் வளர்ப்பதும் ஒப்பந்தத்தில் உண்டு. ஒரு வண்டி வரும். விதையும் காகிதக் கூழும் பச்சைச் சாயமும் கலந்த கரைசலைக் குழாயில் பீய்ச்சி அடிப்பார்கள். அன்றே புகைப்படம் எடுப்பார்கள். படத்தில் பச்சைப்பசேல் என்றுதான் இருக்கும். முதல் மழையில் சாயம் போய்விடும், விதை அதற்கு முன்பே எறும்புக்குப் போயிருக்கும்.

பதினேழாவது விண்ணப்பம் ஊற்றுப் பள்ளத்துக்கு வந்தது.

அந்தப் பகுதியில் வருடம் முழுவதும் தண்ணீர் நிற்கிற ஒரே இடம் அது. மூன்று பக்கமும் மேடு, நடுவில் பாறை இடுக்கிலிருந்து கையளவு தண்ணீர் எப்போதும் கசிந்துகொண்டிருக்கும். சுற்றிலும் பழைய மரங்கள். மான்கள் குட்டி போடுவது அங்கேதான். சேற்றுக் குளத்தில் வாய்வைத்து வயிறு உப்பிச் செத்த இரண்டு மான்களை நான் முந்தைய வருடம் தளங்களில் பார்த்திருக்கிறேன். பள்ளத்தில் அப்படி எதுவும் நடந்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அங்கே ஒரு பாறையில் உட்கார்ந்து, இதற்காகத்தான் இந்தப் படிப்புப் படித்தேன் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு அப்பாவியாக இருந்திருக்கிறேன். எது போனாலும் அந்தப் பள்ளம் போகக் கூடாது என்பது மட்டும் என் மனசில் அப்படியே இருந்தது.

விண்ணப்பத்தைக் கொண்டுவந்தவர் நிறுவனத்தின் தொடர்பு அதிகாரி. அவரை நான் புன்னகை என்றுதான் குறிப்பிடுவேன். அவர் வேலைக்கு வரும்போது முப்பத்திரண்டு பல்லும் கூடவே வேலைக்கு வந்துவிடும். கோப்பை என் மேசையில் வைத்து, வழக்கமானதுதான் மேடம் என்றார். திறந்து ஐந்தாம் பக்கத்துக்குப் போனேன். வழக்கமான வரி இருந்தது: 'இப்பகுதியில் உள்ள விலங்குகள் அருகிலுள்ள பாதிக்கப்படாத காட்டுப் பகுதிக்கு இடம்பெயரும் என்பதால் பாதிப்பு குறிப்பிடத்தக்கதல்ல.' நான் கையெழுத்துப் போடவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்று கோப்பை இழுப்பறைக்குள் வைத்தேன். புன்னகை ஒரு பல்லைக்கூடக் குறைக்கவில்லை.

நாலாம் நாள் தங்கை போன் செய்தாள். என் மேசையில் கோப்பு தூங்குவது அவளுக்குத் தெரிந்திருந்தது. தொழிலாளர் குடியிருப்புக்குப் போய், உங்கள் அக்காதான் நிறுத்தி வைத்திருக்கிறார், கீழே வாயு ஏறிக்கொண்டே இருக்கிறது என்று புன்னகை கவலைப்பட்டிருக்கிறார். மனிதர் இதற்காக அரை நாள் செலவழித்து, படியேறி, ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறார். தங்கை கத்தவில்லை. அவள் கத்தினால் நான் சமாளித்திருப்பேன்.

"உன் மானுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீ ஒரு ரிப்போர்ட் எழுதுவக்கா. இவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன எழுதறது?"

போனை வைத்துவிட்டுக் கோப்பை எடுத்து, பேனாவைத் திறந்து, மறுபடி மூடினேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். தங்கை கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்ப் பாத்திரங்களைத் தேவைக்கு அதிகமாகச் சத்தத்தோடு கழுவினாள். அவள் கணவர் சாப்பாட்டு மேசையில் வேலைக் காலணிகளைக் கவிழ்த்து வைத்து, அடியில் அப்பியிருந்த கரியைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன்: பதினேழாவது கிணறு இல்லாவிட்டால் ஆபத்தா? ஆபத்துதான் என்றார். அந்தப் பக்கம் வெட்டும்போது வாயு அளவு ஏறி இயந்திரம் தானாக நின்றுவிடுகிறதாம், வாரத்தில் மூன்று தடவை. பள்ளத்தில்தான் துளை போட வேண்டுமா என்று கேட்டேன். அவர் கத்தியை வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"வாயு போகணும்கா. எந்த ஓட்டை வழியா போகுதுன்னு கீழ இருக்கற எங்களுக்கு எப்படித் தெரியும்? ஒன்பதாம் கிணத்துத் தளத்துல நின்னே சாய்ச்சுத் துளை போடலாம். பழைய சுரங்கத்துல அப்படித்தான் போட்டாங்க. இருபது நாள் கூட ஆகும். அந்த இருபது நாளும் எங்கள மெதுவா வெட்டச் சொன்னாப் போதும், ஆபத்தே கிடையாது. மெதுவா வெட்டறதுதான் அவங்களுக்கு ஆகாது."

பாத்திரச் சத்தம் நின்றது. தங்கை கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாசற்படியில் நின்றாள். அவளுடைய பயத்தை எடுத்து என் கழுத்துக்குக் கத்தியாகப் பிடித்தவன் அவள் வீட்டில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போயிருக்கிறான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. எனக்கு மட்டும் டீ போட்டுக்கொண்டு வந்து வைத்தாள்.

மறுநாள் பழைய பதினாறு அறிக்கைகளையும் ஆவண அறையிலிருந்து எடுத்து, இழுப்பறையில் இருந்த பதினேழாவதோடு சேர்த்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு வரைபடம் உண்டு, அந்தந்தத் தளமும் சுற்றி ஒரு துண்டுக் காடும். பதினேழையும் பிரதி எடுத்து, ஓரங்களைக் கத்தரித்து ஒட்டினேன். சுவரில் இடம் போதவில்லை. மாடி நடைபாதையின் தரையில் விரித்தேன். மூன்று வருடமாக எல்லோரும் துண்டு துண்டாகப் பார்த்து வந்த காடு அங்கே முழுசாகக் கிடந்தது. காடு என்று சொல்ல அதில் கொஞ்சம்தான் இருந்தது. பாதைகளும் தளங்களுமாகச் சொறி பிடித்த தோல் போல இருந்தது. நடுவில் ஒரே ஒரு முழுப் பச்சை, ஊற்றுப் பள்ளம்.

பிறகு ஐந்தாம் பக்கங்களைப் பார்த்தேன். 'அருகிலுள்ள பாதிக்கப்படாத பகுதி' எது என்று ஒவ்வொரு அறிக்கையிலும் அடைப்புக்குள் வரைபடத்தின் கட்ட எண் ஒன்று இருக்கும். தளத்தின் எண்தான் அது இருக்கும் கட்டத்துக்கும். நான் இதுவரை அந்த எண்ணை ஊன்றிப் பார்த்ததே இல்லை. முதல் தளத்தின் மான்கள் இரண்டாம் கட்டத்துக்குப் போகும். இரண்டாம் தளத்தின் மான்கள் மூன்றாம் கட்டத்துக்கு. மூன்றிலிருந்து நாலு. சிவப்புப் பேனாவால் ஒவ்வொன்றுக்கும் ஓர் அம்புக்குறி போட்டுக்கொண்டே போனேன். அறிக்கை எழுதிய புண்ணியவான் பழைய அறிக்கையைத் திறந்து எல்லா எண்ணோடும் ஒன்றைக் கூட்டியிருக்கிறான். அவ்வளவுதான் அவன் செய்த ஆய்வு. பதினேழாவதுக்கு வந்தபோது பதினெட்டு என்று ஒரு கட்டமே இல்லை. அதனால் மறுபடி ஒன்று என்று போட்டுவிட்டான்.

நடைபாதையைப் பெருக்க வந்த அம்மா துடைப்பத்தோடு நின்று, இது என்ன என்று கேட்டார். மான்கள் எங்கே போகும் என்பதற்கான திட்டம் என்றேன். அவர் துடைப்பத்தின் காம்பால் அம்புகளைத் தொட்டுக்கொண்டே நடந்தார். பதினேழையும் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றார்.

"சுத்திச் சுத்தி இங்கயேதான் வருது. அப்ப அதுங்க எங்கதான் நிக்கும்?" என்றார்.

அறிக்கை எழுதியவர்கள், சரிபார்த்தவர்கள், ஒப்புதல் தந்தவர்கள் என்று எங்களில் முனைவர் பட்டம் வாங்கியவர்களே நாலு பேர். யாருக்கும் தோன்றாத கேள்வி அது.

கூட்டம் புதன்கிழமை. இரண்டாமவரையும் புன்னகையையும் நடைபாதைக்கே அழைத்தேன். இரண்டாமவர் செருப்பைக் கழற்றிவிட்டு மூன்றாம் தளத்தின் மேல் நின்றார். நான் அம்புகளைக் காட்டினேன். சாய்துளையைப் பற்றிச் சொன்னேன். ஒன்பதாம் தளத்திலிருந்தே போடலாம், மரம் ஒன்றுகூட வெட்ட வேண்டாம், கீழே இருப்பவர்களுக்கும் அதே பாதுகாப்பு என்றேன். அவர் நெற்றியைச் சுருக்கி வெகுநேரம் யோசித்தார். ஆமாம், இது பெரிய தவறுதான் என்றார். எனக்கு ஒரு நிமிடம் நம்பிக்கைகூட வந்தது.

அவர் கண்டுபிடித்த தீர்வு இது: அடைப்புக்குள் இருக்கும் எண்ணை எடுத்துவிடலாம். 'அருகிலுள்ள' என்பதற்குப் பதிலாக 'ஏனைய தகுந்த' என்று போட்டால் எந்தக் கட்டம் என்ற கேள்வியே வராது. புன்னகை குறித்துக்கொண்டார்.

என் முகத்தைப் பார்த்துவிட்டுப் புன்னகை தன் பையிலிருந்து ஒரு பழைய காகிதத்தை எடுத்தார். மிகவும் மரியாதையாக நீட்டினார். எட்டு வருடத்துக்கு முந்தைய அறிக்கை. காட்டுத்தீயைக் கண்காணிக்க ஒரு கோபுரம் கட்டினோம், அதற்கு அரை ஏக்கர். ஐந்தாம் பக்கத்தில் அந்த வரி, எழுத்துக்கு எழுத்து அதேதான். கீழே என் கையெழுத்து.

"நாங்க சொந்தமா எதையும் எழுதல மேடம். நீங்க எழுதினதத்தான் இன்னிக்கு வரைக்கும் பயன்படுத்தறோம்."

அது உண்மை. கண்ணுக்கு எட்டிய தூரம் காடு நின்ற காலத்தில், அரை ஏக்கருக்காக எழுதிய வரி. அப்போது அது சரியாகவும் இருந்தது. அதற்குப் பிறகு பதினாறு தடவை அதைப் படித்திருக்கிறேன், பதினாறு தடவையும் எங்கேயோ பார்த்த வரி, நல்ல வரி என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இந்தக் கதையில் இதுவரை நான் எல்லோரையும் எள்ளி நகையாடியதைக் கேட்டீர்கள். அந்த நடைபாதையில் நின்று என்னைப் பார்த்து எனக்கு வந்த அருவருப்பு அவர்கள் யார்மேலும் வந்ததில்லை.

கோப்பை எடுத்து இரண்டாமவரிடம் கொடுத்தேன். நான் போடப்போவதில்லை, விதிப்படி நீங்கள் தனியாகவே ஒப்புதல் தரலாம் என்றேன். ஊற்றுப் பள்ளம் முழு நலத்தோடு இருக்கிறது, இதைத் தொடக் கூடாது என்று காரணத்தையும் ஒரு பக்கம் எழுதி இணைத்தேன். அவர் பேனாவைக் கையில் எடுத்தார். முதல் கையெழுத்துக்கான கட்டம் வெறுமையாக இருந்தது. இருபத்தாறு வருடத்தில் அந்தக் கட்டத்தை அவர் காலியாகப் பார்த்ததே இல்லை என்று நினைக்கிறேன். மேலிருந்து எதையாவது கவிழ்த்துவிடுவார்களோ என்பது மாதிரி அண்ணாந்து பார்த்தார்.

"நீங்க போட்டீங்கன்னா நான் உடனே கீழ போட்டுடுவேன்மா," என்றார்.

பதினொரு வாரம் கோப்பு அலைந்தது. சட்டப் பிரிவின் கருத்துக்கு அனுப்பினார். முதல் கையெழுத்து இல்லாமல் கருத்துச் சொல்ல இயலாது என்று திரும்பி வந்தது. மேலிடத்துக்கு அனுப்பினார். கீழிடத்தின் பரிந்துரை எங்கே என்று கேட்டார்கள். இடையில் அவருக்கு இரண்டு தடவை முதுகுவலி வந்தது. சுரங்கத்தில் இயந்திரம் நின்று நின்று ஓடியதில் நிறுவனம் பொறுமை இழந்து, யாரிடமும் எதுவும் கேட்கத் தேவையில்லாத பழைய ஒன்பதாம் தளத்திலிருந்தே சாய்த்துத் துளை போட்டுவிட்டது. இருபது நாள்கூட ஆகவில்லை, பதினேழு நாள். வாயு அளவு இறங்கிவிட்டது என்று தங்கையின் கணவர் போனில் சொன்னார். தங்கை போனை வாங்கி, சாப்பிட்டியா என்று கேட்டாள். அவளுக்கு அதுதான் மன்னிப்புக் கேட்கும் முறை.

பள்ளம் தப்பியது. என் நேர்மையால் இல்லை, அவருடைய கோழைத்தனத்தால். அதனால் என்ன, தப்பியது. நான் சந்தோஷப்பட்டேன். அதை மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

எட்டு மாதம் கழித்துப் புன்னகை ஒரு தள்ளுவண்டியோடு வந்தார். மேற்கு மேட்டில் இருபத்துமூன்று புதிய கிணறுகள், இருபத்துமூன்று கோப்புகள், ஒவ்வொன்றும் நாலே முக்கால் ஏக்கர். நான் நேராக ஐந்தாம் பக்கத்துக்குப் போனேன். இந்த முறை எண்ணைக் கூட்டிக்கொண்டு போகும் வேலையை அவர்கள் விட்டிருந்தார்கள். இருபத்துமூன்றிலும் ஒரே இடம்தான்: 'அருகிலுள்ள பாதிக்கப்படாத ஊற்றுப் பள்ளத்துக்கு இடம்பெயரும்.' ஆதாரமாக, பள்ளம் முழு நலத்தோடு இருக்கிறது என்று நான் எழுதிய பக்கத்தை இணைத்திருந்தார்கள். அதன் தெளிவான பிரதி, ஒவ்வொரு கோப்பிலும் ஒன்று.

அன்றே வண்டியை எடுத்துக்கொண்டு பள்ளத்துக்குப் போனேன். பாதை போட்டபோது குறுக்கே விழுந்த மரங்களைத் தாண்டிக் கடைசி மேட்டில் ஏறியதும் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. கீழே வெளிச்சம் அதிகமாக இருந்தது. புதர் என்று ஒன்றுமே இல்லை. தரையிலிருந்து என் தோள் உயரம் வரை ஓர் இலை கிடையாது, கோடு போட்டு வெட்டியது போல. சின்ன மரங்களில் பட்டையை உரித்துத் தின்றிருந்தன. ஊற்று இருந்த இடத்தில் குளம்படிகள் மிதித்துக் குழப்பிய சேறு, அதன் ஒரு மூலையில் உள்ளங்கை அளவு பழுப்புத் தண்ணீர். எங்கே பார்த்தாலும் மான்கள். அறுபதுவரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன். முன்பெல்லாம் மனித வாசனை பட்டாலே பாய்ந்து மறைகிறவை, பத்தடி தூரத்தில் நின்று என்னைப் பார்த்தன. ஓடுவதற்கு அவற்றுக்குத் தெம்பும் இல்லை, இடமும் இல்லை. விலா எலும்பை எண்ணலாம். என்னுடைய பழைய பாறைக்குப் பக்கத்தில் ஒரு குட்டி செத்துக் கிடந்தது. தாய் அதன் மேல் நின்றுகொண்டு எதையும் செய்யாமல் இருந்தது.

பதினாறு அறிக்கைகளும் சொன்னது போலவே நடந்திருக்கிறது. மான்கள் இடம்பெயர்ந்துவிட்டன. போவதற்கு ஒரே ஓர் இடம் மிச்சம் இருந்தது, எல்லாம் அங்கே வந்துவிட்டன. நான் சேற்றில் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பக்கம் எழுதினேன். பதினொரு வருடத்தில் நான் எழுதியவற்றில் அதுதான் ஒழுங்கான எழுத்து. எத்தனை மான்கள், எவ்வளவு உயரம்வரை இலை இல்லை, எத்தனை மரத்தில் பட்டை இல்லை, ஊற்றின் அகலம் எத்தனை விரற்கடை, குட்டி எந்த இடத்தில் கிடந்தது, எல்லாம் எழுதினேன். சுற்றியுள்ள பதினாறு தளங்களின் விலங்குகளும் பள்ளத்துக்கு இடம்பெயர்ந்துவிட்டன என்று எழுதினேன். இனி ஒரு குட்டிக்குக்கூட அங்கே இடமில்லை, மேற்கு மேட்டைத் தொட்டால் இரண்டு இடத்து மான்களும் செத்துப்போகும் என்று எழுதினேன். இதுதான் உண்மை, இதைச் சொன்ன ஆள் நான் என்று தெரிய வேண்டும் என்பதால் கீழே கையெழுத்துப் போட்டேன். யாரும் கேட்காமல், நானாகப் போட்ட முதல் கையெழுத்து அது.

இரண்டாமவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் முதல் பக்கத்தைப் பார்க்கவில்லை. நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். என் கையெழுத்தைப் பார்த்ததும் அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி வந்தது. பேனாவை எடுத்து அதற்குக் கீழே, அந்த இடத்திலேயே, போட்டுக் கொடுத்துவிட்டார். நீங்கள் இப்படி ஒத்துழைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்றார். என் வாழ்க்கையில் முதல் தடவையாக, படித்துப் பாருங்கள் என்று ஓர் அதிகாரியிடம் கெஞ்சினேன். படிக்கிறேன் படிக்கிறேன் என்று கோப்பில் வைத்துக்கொண்டார்.

மூன்றாவது வாரம் இறுதி அறிக்கை அச்சாகி வந்தது, இருபத்துமூன்றுக்கும் சேர்த்து ஒரே அட்டையில். ஒப்புதல் பக்கத்தில் இரண்டு கையெழுத்துகள், என் குறிப்பிலிருந்து அப்படியே எடுத்து வைத்தவை. மேலே என்னுடையது. ஐந்தாம் பக்கத்தைத் திறந்தேன். பழைய வரிக்குக் கீழே புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது: 'இது களத்தில் உறுதி செய்யப்பட்டுள்ளது. வனவுயிர் ஆய்வாளரின் நேரடி ஆய்வின்படி, "சுற்றியுள்ள பதினாறு தளங்களின் விலங்குகளும் பள்ளத்துக்கு இடம்பெயர்ந்துவிட்டன."'

புன்னகை அதைக் கொடுத்துவிட்டுப் போவதற்கு நின்றுகொண்டிருந்தார். இத்தனை வருடமாக ஊகமாகத்தான் எழுதி வந்தோம், இப்போது நிரூபணமே கிடைத்துவிட்டது என்று பாராட்டினார்.

நான் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். அவர்கள் ஒரு வரி எடுத்திருந்தார்கள். அந்த வரியை என் பிரதியோடு வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். ஓர் எழுத்தைக்கூட அவர்கள் மாற்றவில்லை.